ஓம்ஸ் சரியா இருந்தா சென்சாரும் சரின்னு எழுதிட்டீங்களே!

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க வாகனப் பக்கத்துல பழைய கார் வெச்சிருக்கவங்களுக்காக, பிளக்குகளுக்கு முறை வெச்சு ஸ்பார்க்கைப் பிரிச்சுக் குடுக்கற டிஸ்ட்ரிபியூட்டர் பத்தி ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க. பார்த்ததும் சந்தோஷமாத்தான் இருந்துச்சு, ஏன்னா பிளக்குக்கு ஒரு காயில்னு வந்ததுக்கு அப்புறம் இந்த டிஸ்ட்ரிபியூட்டரை யாரும் திரும்பிக்கூட பாக்கறதில்ல, இன்னும் அதைக் கட்டிக்கிட்டு அழுற எங்களை மாதிரி ஆளுங்களுக்கும் எழுத ஒருத்தர் இருக்காரேன்னு நெனச்சேன். ஆனா கடைசிப் பத்தியில ஒரு வரி வந்துச்சு பாருங்க, அதுக்குள்ள இருக்க, ஸ்பார்க் எப்ப அடிக்கணும்னு சொல்ற சென்சாரோட ஒயர்ல மல்டிமீட்டரை வெச்சு ஓம்ஸ், அதாவது மின்தடை, பாருங்க, அளவுக்குள்ள இருந்தா சென்சார் நல்லா இருக்கு, வேற இடத்துல தேடுங்கன்னு. அங்கதான் எனக்கு வயித்தெரிச்சல் ஆரம்பிச்சுது. இதே வரியை நம்பி நான் எட்டு மாசம் அலைஞ்சவன்.

நான் மெக்கானிக் இல்லைங்க. என் வண்டியை நானே நோண்டுற ஆளு, அவ்வளவுதான். கார்பரேட்டர் வண்டி, நாலு சிலிண்டர், டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள பாயிண்ட்டுக்குப் (திறந்து மூடுற பழைய சுவிட்ச்) பதிலா பிக்அப் காயில் இருக்கும், காந்தமும் கம்பிச்சுருளும் வெச்ச சென்சார் அது, தண்டோட சுத்துற பல்லுச் சக்கரம் கடக்கும்போது சிக்னல் குடுக்கும். அதுக்கு வந்த கோளாறு என்னன்னா, நின்ன இடத்துல ஐடில் சூப்பரா ஓடும், ஆக்ஸிலேட்டரை அழுத்தி மிதிச்சா பிச்சுக்கிட்டுப் போகும், ஆனா சமமான ரோட்டுல காலை லேசா வெச்சு ஒரே வேகத்துல போனா மட்டும் திடீர்னு யாரோ பின்னால இருந்து சட்டையைப் பிடிச்சு இழுத்த மாதிரி ஒரு உதறல். சில நேரம் ரெண்டு மூணு தடவை உதறி அப்படியே நின்னுடும். உடனே மிதிச்சா திரும்ப சரியாயிடும். மிதிச்சா சரியாகுதுல்ல, அதனால போற இடமெல்லாம் பெட்ரோல் பிரச்சனைன்னே சொன்னாங்க. கார்பரேட்டரைக் கழட்டிக் கழுவினாங்க, பெட்ரோல் பம்ப் மாத்தினாங்க, அடுத்த இடத்துல பிளக்குக்கு உயர் வோல்டேஜ் குடுக்கற இக்னிஷன் காயில் மாத்தினாங்க, இன்னொரு இடத்துல சென்சார் சிக்னலைப் பாத்து அந்தக் காயிலைக் கட் பண்ற மாட்யூல் மாத்தினாங்க. எல்லாரும் மறக்காம ஒண்ணு செஞ்சாங்க, பிக்அப் காயிலோட ஓம்ஸ் பாத்தாங்க. புத்தகத்துல போட்ட அளவுக்குள்ள கச்சிதமா நின்னுச்சு. அதனால அதை மட்டும் யாரும் தொடலை. எட்டு மாசம், கேட்டுக்கோங்க.

கடைசியில என் மச்சினன்தான் கண்டுபிடிச்சான். அவன் எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் பாக்கறவன், காரைப் பத்தி ஒண்ணும் தெரியாது. லீவுல வந்தவன் என் புலம்பலைக் கேட்டுட்டு, "மாமா, அந்த சென்சார் என்ன சிக்னல் குடுக்குதுன்னு யாராவது பாத்தாங்களா, இல்ல எல்லாரும் ஓம்ஸையே பாத்துட்டு இருக்கீங்களா"ன்னு கேட்டான். யாரும் பாக்கலை. வோல்டேஜ் மாறுறதைத் திரையில அலையா வரைஞ்சு காட்டுற, கையில பிடிக்கிற சின்ன ஆஸிலோஸ்கோப் ஒண்ணு அவன் பையிலயே இருந்துச்சு. பிக்அப்போட ரெண்டு ஒயரையும் கனெக்டரோட பின்பக்கமா மெல்லிசான பின் விட்டு எடுத்து, நீளமா ஒயர் இழுத்து முன் சீட்டுல உக்காந்துக்கிட்டான், நான் ஓட்டினேன்.

அலை அழகா வந்துச்சு. ஒவ்வொரு பல்லும் காயிலைக் கடக்கும்போது மெதுவா மேல ஏறும், உச்சிக்குப் போனதும் சடார்னு செங்குத்தா கீழ விழும், பூஜ்யத்தைத் தாண்டி அடியில போய் திரும்ப மெதுவா ஏறும். கொஞ்ச தூரம் போனதும் உதறுச்சு. அவன் ஸ்கோப்பை நிறுத்திக் காட்டினான், அலை ரெண்டு பல்லுக்கு சிதறி, அதுக்கு அப்புறம் வெறும் நேர்கோடு. வண்டி கியர்ல உருண்டுக்கிட்டு இருக்கு, அப்ப எஞ்சின் சுத்திக்கிட்டுதானே இருக்கும், டிஸ்ட்ரிபியூட்டர் தண்டும் சுத்திக்கிட்டுதானே இருக்கும், அப்புறம் எப்படி சிக்னல் இல்லாம போகும்? எஞ்சின் நின்னதால சிக்னல் போகலை, சிக்னல் போனதால எஞ்சின் நின்னுச்சு. எட்டு மாசக் கேள்விக்கு அந்த நேர்கோடு பதில் சொல்லிடுச்சு.

வீட்டுக்கு வந்து ஐடில்ல ஓட விட்டா மறுபடியும் அலை நல்லா இருக்கு. அப்பதான் எனக்கு மண்டையில உறைச்சுது, லேசா மிதிச்சு ஓட்டும்போது மட்டும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள என்ன மாறுது? வேக்யூம் அட்வான்ஸ், எஞ்சின் உறிஞ்சுற இழுப்பை வெச்சு ஸ்பார்க்கைக் கொஞ்சம் முன்னாடியே அடிக்க வைக்கிற அமைப்பு! ஐடில்ல என் வண்டியில அதுக்கு வேக்யூம் போகாது, முழுசா மிதிச்சா வேக்யூமே இருக்காது, லேசா மிதிச்சு போகும்போதுதான் அது பிக்அப் காயில் உக்காந்திருக்க தட்டை முழுசா இழுக்கும். அட்வான்ஸ் ஹோஸைக் கார்பரேட்டர் பக்கம் கழட்டி, துடைச்சு, வாயை வெச்சு உறிஞ்சினேன், பெட்ரோல் வாடை மூக்குல ஏறுச்சு. உறிஞ்சினா அலை கிழியுது, எஞ்சின் தள்ளாடுது, விட்டா சேருது. உறிஞ்சினா கிழியுது, விட்டா சேருது. மச்சினன் சிரிச்சுக்கிட்டே இருந்தான்.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழட்டிப் பாத்தா பிக்அப் காயில்ல இருந்து வெளிய வர ஒயரு, தட்டு ஆடுற இடத்துல வருஷக்கணக்கா மடங்கி மடங்கி உள்ள செம்பு அறுந்திருக்கு. மேல பிளாஸ்டிக் உறைக்கு ஒரு கீறல் இல்ல, விரலால நெருடினா மட்டும் அந்த இடம் தொளதொளன்னு இருந்துச்சு. தட்டு சும்மா இருக்கும்போது அறுந்த நுனி ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தொட்டுக்கிட்டு இருக்கும், மீட்டர் ஓம்ஸ் சரின்னு சொல்லும். தட்டு நகந்தா விலகிடும். நியாயமா சொல்லணும்னா, ஹோஸை உறிஞ்சிக்கிட்டே மீட்டர் வெச்சிருந்தா மீட்டரும் காட்டியிருக்கும்தான். ஆனா எந்த இடத்துல உறிஞ்சணும்னு சொன்னது மீட்டர் இல்லையே, அலைதானே சொல்லுச்சு. மெல்லிய இழை நிறைய இருக்க சிலிகான் ஒயரைக் கொஞ்சம் தொளதொளப்பு விட்டு ஈயம் வெச்சு ஒட்டினேன், அதுக்கு அப்புறம் உதறலே இல்ல.

சரி, என் கதை போதும், கட்டுரையில இருக்க பெரிய தப்புக்கு வரேன். டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள இருக்க சென்சார் எல்லாம் ஒரே ஜாதின்னு நெனச்சு எழுதியிருக்காரு. ஆதியில, 1910 வாக்குல சார்லஸ் கெட்டரிங் பேட்டரி இக்னிஷனைக் கொண்டு வந்தப்ப உள்ள இருந்தது பாயிண்ட்டும் கண்டன்சரும், அதே ஏற்பாடு அறுபது வருஷத்துக்கு மேல ஓடுச்சு. 1970கள்ல பாயிண்ட் போய் சென்சார் வந்துச்சு, கிரைஸ்லர் 1973ல அமெரிக்காவுல வித்த தன்னோட கார்கள்ல எலக்ட்ரானிக் இக்னிஷனை வழக்கமான ஒண்ணாவே ஆக்கிட்டாங்க. ஆனா சென்சார்னு வந்தது மூணு விதம். காந்தமும் காயிலும் வெச்ச பிக்அப் ஒண்ணு, ஹால் சென்சார் ஒண்ணு, வெளிச்சத்தை வெச்சு வேலை செய்யற ஆப்டிகல் ஒண்ணு. இதுல ஓம்ஸ் பாக்கறதுக்குக் கொஞ்சமாவது அர்த்தம் இருக்கறது முதல் வகைக்கு மட்டும்தான். ஹால் சென்சார்ல இருக்கறது குறைகடத்தி சிப்பு. அதுல ஓம்ஸ் பாத்தா ஒரு மீட்டர் ஒண்ணு சொல்லும், இன்னொரு மீட்டர் இன்னொண்ணு சொல்லும், ஒயரை மாத்தி வெச்சா மூணாவதா ஒண்ணு சொல்லும், ஒண்ணுக்கும் அர்த்தம் கிடையாது. உங்க கட்டுரையைப் படிச்சுட்டு எத்தனை பேர் நல்ல ஹால் சென்சாரைக் கழட்டி வீசியிருப்பாங்களோ.

காயில் பிக்அப்லயும் ஓம்ஸ் பாதி உண்மைதான். செம்புக் கம்பியோட தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் கிட்டத்தட்ட 0.4 சதவீதம் ஏறும், 20 டிகிரியில 800 ஓம் இருக்க காயில் 100 டிகிரியில 1050 ஓம் போல காட்டும். அதனால சூடா இருக்கும்போது பாத்த எண்ணையும் ஆறின பிறகு பாத்த எண்ணையும் ஒப்பிட்டுக் குழம்பிக்காதீங்க. அதைவிட முக்கியமா, காந்தம் பலம் குறைஞ்சிருந்தாலோ காயிலுக்கும் பல்லுக்கும் நடுவுல இடைவெளி கூடியிருந்தாலோ ஓம்ஸ்ல ஒரு மாத்தமும் தெரியாது. பல வண்டியில அந்த இடைவெளி 0.2 மில்லிமீட்டர்ல இருந்து 0.4 மில்லிமீட்டர் வரைக்கும்தான், ஒரு காகிதக் கனம் கூடினாலே சிக்னல் சப்பையாயிடும். செல்ஃப் அடிக்கும்போது எஞ்சின் நிமிஷத்துக்கு 200 சுத்து, டிஸ்ட்ரிபியூட்டர் அதுல பாதி 100 சுத்துதான் சுத்தும், காயில் பிக்அப்போட வோல்டேஜ் வேகத்தைப் பொறுத்தது, அதனால அப்ப அது குடுக்கறது அரை வோல்ட்டோ ஒரு வோல்ட்டோ, வண்டிக்கு வண்டி மாறும். அதே காயில் மேல் வேகத்துல பத்து இருபதுன்னு தாண்டி இன்னும் மேலயும் போகும். தள்ளி ஸ்டார்ட் பண்ணினா ஓடுது, செல்ஃப்ல எடுக்க மாட்டேங்குதுன்னா, பேட்டரியை மட்டும் திட்டாம அந்த அரை வோல்ட் வருதான்னு பாருங்க.

மல்டிமீட்டர்ல ஏசி வோல்ட் வெச்சு பாக்கலாமேன்னு ஒருத்தர் கேப்பாரு. பாக்கலாம், ஆனா நாலு சிலிண்டர்ல செல்ஃப் அடிக்கும்போது வினாடிக்கு ஆறு ஏழு துடிப்புதான் வரும், சாதாரண மீட்டர் கரண்ட் லைனோட 50, 60 ஹெர்ட்ஸை மனசுல வெச்சு செஞ்சது, அதுவும் வினாடிக்கு ரெண்டு மூணு தடவைதான் எண்ணை மாத்தும். ஏதோ ஒரு எண்ணைக் காட்டும், அதுல ஒரு துடிப்பு காணாம போனது தெரியாது, ஒரு பல்லு மட்டும் குட்டையா இருக்கறது தெரியாது. நாடித் துடிப்பைத் தர்மாமீட்டர் வெச்சு பாக்கற கதைதான்.

குட்டைப் பல்லுன்னதும் ஞாபகம் வருது. டிஸ்ட்ரிபியூட்டர் தண்டைத் தாங்குற புஷ் தேஞ்சு போனா ஸ்கோப்ல எப்படித் தெரியும்னு ஒரு தடவை பாத்துட்டீங்கன்னா மறக்கவே மாட்டீங்க. நாலு துடிப்புல ஒண்ணு உயரமா, அடுத்தது நடுவாந்திரமா, அடுத்தது குட்டையா, திரும்ப நடுவாந்திரமா, இப்படி ஒவ்வொரு சுத்துக்கும் அதே வரிசை திரும்பத் திரும்ப வரும். தண்டு ஒரு பக்கமா சாயறதால ஒரு பல்லு காயிலுக்கு நெருங்குது, எதிர்ப் பல்லு விலகுது. தண்டைக் கையால ஆட்டிப் பாத்தா ஆட்டம் லேசாத்தான் இருக்கும், இது பெரிய விஷயமா என்னன்னு விட்டுடுவோம். சென்சார் புதுசா போட்டாலும் அந்த ஏத்த இறக்கம் போகாது, ஏன்னா குத்தம் சென்சார் மேல இல்ல. ஐடில்ல 800 சுத்துன்னா டிஸ்ட்ரிபியூட்டர் ஒரு சுத்து சுத்த 150 மில்லி செகண்ட் ஆகும், ஸ்கோப்ல ஒரு கட்டத்துக்கு 20 மில்லி செகண்ட் வெச்சா பத்து கட்டத்துல ஒரு முழு சுத்தும் அடுத்ததோட ஆரம்பமும் அடங்கிடும், அப்ப இந்த வரிசை கண்ணுக்கு நேரா தெரியும்.

இன்னொரு விஷயம், ரெண்டு ஒயரை மாத்திப் போடுறது. காயில் பிக்அப்தானே, எப்படிப் போட்டா என்னன்னு கனெக்டர் போனப்ப குருட்டாம்போக்குல முறுக்கி விடுவாங்க. அந்த சடார்னு விழுற செங்குத்தான இடம் இருக்கே, பல்லும் காயிலும் நேருக்கு நேர் நிக்கிற நொடி அதுதான், மாட்யூல் அந்த இடத்தைத்தான் பிடிச்சு ஸ்பார்க் குடுக்கும். ஒயரை மாத்திட்டா அலை தலைகீழா ஆயிடும், மாட்யூல் எதிர்பாக்கற திசையில பூஜ்யத்தைத் தாண்டுறது இப்ப ரெண்டு பல்லுக்கு நடுவுல இருக்க சரிவான இடமா ஆயிடும். வண்டி ஸ்டார்ட் ஆகும், ஆனா டைமிங் தள்ளிப் போயிருக்கும், வேகத்தைக் கூட்டினா அது பாட்டுக்கு அலையும். டைமிங் லைட்டைப் பிடிச்சுக்கிட்டு டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பித் திருப்பிப் பாத்தும் நிக்க மாட்டேங்குதுன்னா முதல்ல அலை நேரா இருக்கா தலைகீழா இருக்கான்னு பாருங்க.

ஹால் சென்சாருக்கு வரேன். கரண்ட் பாயற கடத்தி மேல காந்தம் பட்டா குறுக்கே வோல்டேஜ் வரும்னு எட்வின் ஹால் 1879ல கண்டுபிடிச்ச விளைவு அது, காருக்குள்ள வரதுக்கு நூறு வருஷம் ஆச்சு. ஒரு பக்கம் காந்தம், எதிர்ல சிப்பு, நடுவுல ஜன்னல் ஜன்னலா வெட்டின கிண்ணம் சுத்தும். தகடு நடுவுல வந்தா காந்தம் மறைஞ்சிடும், ஜன்னல் வந்தா தெரியும். மூணு ஒயர், சப்ளை, சிக்னல், எர்த். பாஷ் வகையில கனெக்டர்லயே பிளஸ், பூஜ்யம், மைனஸ்னு போட்டிருக்கும், நடுவுல இருக்க பூஜ்யம்தான் சிக்னல். அலை சதுரமா இருக்கும், செல்ஃப்ல சுத்தினாலும் ஆறாயிரம் சுத்துல ஓடினாலும் உயரம் மாறாது.

இதுல ஆளுங்க அதிகமா ஏமாறுற இடம் ஒண்ணு இருக்கு, நானும் ஏமாந்தேன். கனெக்டரைக் கழட்டி, சென்சாருக்குத் தனியா சப்ளை குடுத்து, சிக்னல் பின்னுல ப்ரோபை வெச்சா ஒண்ணுமே வராது. சென்சார் செத்துப்போச்சுன்னு முடிவு கட்டிடுவோம். உண்மையில அந்த சென்சார் தானா வோல்டேஜ் குடுக்காது, எர்த்துக்கு இழுக்க மட்டும்தான் தெரியும், மேல தூக்கிப் பிடிக்கிறது மாட்யூலோ, எஞ்சினைக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டரான ஈசியூவோதான். சப்ளைக்கும் சிக்னலுக்கும் நடுவுல ஒரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டரைப் போட்டுப் பாருங்க, செத்த சென்சார் எழுந்து உக்காரும். வண்டியிலயே பாக்கறதா இருந்தா கனெக்டரைக் கழட்டாம பின்பக்கமாவே பாருங்க. ஒயர் மேல ஊசியைக் குத்திப் பாக்கறவங்களை எனக்குப் பிடிக்காது, அந்த ஓட்டை வழியா ஈரம் போய் அடுத்த மழைக்குள்ள செம்பு பச்சை பூத்துடும், அப்புறம் அதுக்கு ஒரு தனி வைத்தியம்.

ஹால் அலையில நான் முதல்ல பாக்கறது அடித்தளத்தை. கீழ வரும்போது எர்த்துக்குப் பக்கத்துல, 0.2, 0.3 வோல்ட்டுக்கு வரணும். தெரிஞ்சவர் ஒருத்தர் வண்டி மிஸ்ஸிங்னு ரெண்டு தடவை சென்சார் மாத்திட்டாரு, ரெண்டுக்கும் மாறலை. ஸ்கோப் போட்டுப் பாத்தா சதுர அலை அம்சமா இருக்கு, ஆனா அடி ஒரு வோல்ட்டுக்கு மேல மிதக்குது. ப்ரோபோட எர்த் கிளிப்பை பேட்டரி மைனஸ்ல மாட்டிட்டு, நுனியை சென்சாரோட எர்த் பின்னுல வெச்சோம், அங்கயே 0.9 வோல்ட். எஞ்சின்ல எர்த் போல்ட்டுக்கு அடியில பெயின்ட்டும் துருவுமா இருந்துச்சு, தேய்ச்சு முடுக்கினதும் அடி கீழ இறங்கிடுச்சு. பழி ஒரு பக்கம் பாவம் ஒரு பக்கம்னு அந்த ரெண்டு சென்சாரும் பாவம். இன்னொண்ணு, சில வண்டியில முதல் சிலிண்டரைக் காட்டிக் குடுக்க ஒரு தகடு மட்டும் வேணும்னே குறுகலா வெச்சிருப்பாங்க, நாலுல ஒரு துடிப்பு ஒல்லியா வருதேன்னு பதறிடாதீங்க.

ஸ்கோப்பை ஏசி கப்ளிங்ல, அதாவது மாறாத வோல்டேஜை வடிகட்டிட்டு மாறுறதை மட்டும் காட்டுற செட்டிங்ல, வெச்சு ஹால் சிக்னலைப் பாக்காதீங்க. செல்ஃப் வேகத்துல துடிப்பு மெதுவா வரதால சதுர அலையோட தலை சரிஞ்சு கூரை மாதிரி தெரியும், சென்சார் கெட்டுப்போச்சுன்னு தோணும், கெட்டது நம்ம செட்டிங். டிசியில வெச்சுப் பாருங்க, ரெண்டு வகைக்கும் அதுவே போதும்.

ஆப்டிகல் வகை நிசான், மிட்சுபிஷி வண்டிங்கள்ல நிறைய வந்துச்சு. மெல்லிசான தட்டுல வரிசையா கீறல், மேல எல்இடி, கீழ ஒளி வாங்குற டயோடு. நிசான்ல வெளி வட்டத்துல 360 கீறல், உள் வட்டத்துல சிலிண்டருக்கு ஒண்ணு, அதுல முதல் சிலிண்டருக்கு மட்டும் அகலமா. தண்டோட ஆயில் சீல் கசிஞ்சாலோ ரோட்டர் கரி பறந்தாலோ முதல்ல அடிவாங்கறது அந்த நுணுக்கக் கீறல்தான், ஸ்கோப்ல பல்லு போன சீப்பு மாதிரி நடுநடுவுல ஓட்டை தெரியும். ஆனா இங்க ஸ்கோப்பே பொய் சொல்ற ஆபத்து உண்டு. ஐடில் 800 சுத்துல அந்த 360 கீறல் வினாடிக்கு 2400 துடிப்பு குடுக்கும். ஒரு திரைக்கு 1000 புள்ளி எடுக்கற சின்ன ஸ்கோப்பை ஒரு கட்டத்துக்கு 50 மில்லி செகண்ட்ல வெச்சா பத்து கட்டம் அரை வினாடி, அப்ப வினாடிக்கு 2000 புள்ளிதான், துடிப்பே அதுக்கு மேல இருக்கு, திரையில வரதெல்லாம் கற்பனை அலை. இந்த வகைக்கு மட்டும் நேரத்தை நல்லா விரிச்சு வெச்சுப் பாக்கணும்.

உங்க கட்டுரையாளர் ஆஸிலோஸ்கோப் எல்லாம் லேப்ல இருக்கவங்களுக்குன்னு போற போக்குல ஒரு வார்த்தை எழுதிட்டுப் போயிட்டாரு. சார், ஹால், காயில் சிக்னலோட வேகத்துக்கு உலகத்துலயே மட்டமான ஸ்கோப்பும் போதும். நாலு சிலிண்டர் எஞ்சின் 6000 சுத்துல ஓடினாலும் வினாடிக்கு 200 துடிப்புதான், ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்தா கத்துக்கலாம், நான் கத்துக்கிட்டேனே. ரெண்டு சேனல் இருந்தா இன்னும் நல்லது. ஒண்ணை சென்சார்ல, இன்னொண்ணை இக்னிஷன் காயிலோட நெகடிவ்ல வெச்சா, சென்சார் துடிப்பு இருந்தும் காயில் கட் ஆகலைன்னா மாட்யூல் பக்கம் போங்க, ரெண்டும் சேந்து காணாம போனா சென்சாரையும் அதுக்கு வர சப்ளையையும் பாருங்க. இந்த ஒரு படம் எடுத்திருந்தா என் பெட்ரோல் பம்ப்பும் மாட்யூலும் தப்பிச்சிருக்கும்.

ஆனா காயில் நெகடிவ்ல கவனமா இருக்கணும், 12 வோல்ட் ஒயருதானேன்னு நெனைக்காதீங்க, கட் ஆகற நொடியில 300, 400 வோல்ட் துள்ளும், வோல்டேஜைக் குறைச்சுக் குடுக்கற 10க்கு 1 ப்ரோபோ 20க்கு 1 அட்டென்யுவேட்டரோ இல்லாம நேரா குத்தினா ஸ்கோப்புக்கு மாலை போட வேண்டியதுதான். பிளக் ஒயர்ல பல்லாயிரம் வோல்ட், அங்க ப்ரோப் நுனியைக் கொண்டு போகவே கூடாது, அதுக்கு ஒயர் மேல சும்மா கவ்விப் பிடிக்கிற கிளிப் தனியா இருக்கு. எஞ்சின் எடுக்கக் கூடாது, சும்மா சுத்த மட்டும் விடணும்னு காயிலோட நடு ஒயரை உருவினா அதை அந்தரத்துல தொங்க விடாதீங்க, எர்த்துல இறுக்கமா பிடிச்சு வைங்க, இல்லைன்னா பாயற கரண்ட் போக வழி தேடி காயிலையோ மாட்யூலையோ துளைச்சிடும். கியர் நியூட்ரல்ல, ஹேண்ட் பிரேக் மேல, ப்ரோப் ஒயர் ஃபேன்ல மாட்டாத இடத்துல. என் மச்சினனோட முதல் ப்ரோப்பை ஃபேன்தான் தின்னுச்சு, அதை நான் வாங்கிக் குடுத்தேன்.

சிக்னல் மேல முள்ளு முள்ளா தெரியுதேன்னு சிலர் பயப்படுவாங்க. ஒவ்வொரு ஸ்பார்க் அடிக்கும்போதும் ஒரு மெல்லிய முள்ளு வரது சகஜம். அது பூஜ்யக் கோட்டையோ சிக்னல் மாறுற மட்டத்தையோ தாண்டி, ஈசியூ அதை இன்னொரு துடிப்புன்னு எண்ணுற அளவுக்கு வளந்தாத்தான் வினை. அப்படி இருந்தா சென்சாரைத் தொடாதீங்க, அதோட ஒயர் மேல இருக்க ஷீல்டு எர்த்துல இருக்கா, பிளக் ஒயர் கசியுதா, ரெசிஸ்டர் இல்லாத பிளக்கைப் போட்டுட்டாங்களான்னு பாருங்க.

எல்லாத்தையும்விட நான் இப்ப பழக்கமா வெச்சிருக்கறது, வண்டி நல்லா ஓடுற நாள்ல ஒரு அலையைப் படம் எடுத்து வெச்சுக்கறது. ஆறின எஞ்சின்ல செல்ஃப் அடிக்கும்போது ஒண்ணு, ஐடில்ல ஒண்ணு, சூடான பிறகு 3000 சுத்துல ஒண்ணு, எந்த செட்டிங்ல எடுத்ததுன்னு கீழ எழுதி. பழைய வண்டிக்கு சரியான அலை எப்படி இருக்கும்னு புத்தகத்துல தேடினா பாதி வண்டிக்குக் கிடைக்காது. நம்ம வண்டிக்கு நம்ம வண்டிதான் புத்தகம்.

கடிதம் நீளமா போயிடுச்சுன்னு தெரியுது, இடம் இல்லைன்னா தாராளமா வெட்டிக்கோங்க, என் எட்டு மாசக் கதையையும் மச்சினனையும் எடுத்துட்டாலும் கோவிச்சுக்க மாட்டேன், அவன் கோவிச்சுப்பான், அதை நான் பாத்துக்கறேன். ஆனா ஹால் சென்சார்லயும் ஆப்டிகல்லயும் ஓம்ஸ் பாத்து முடிவு பண்ணாதீங்க, காயில் பிக்அப்ல ஓம்ஸ் சரியா இருந்தாலும் அலையைப் பாக்காம சென்சார் நல்லதுன்னு சொல்லாதீங்கன்னு, அந்த ஒரு திருத்தத்தை மட்டும் அடுத்த வாரம் அதே பக்கத்துல போட்டுடுங்க.

இப்படிக்கு,
இன்னும் டிஸ்ட்ரிபியூட்டர் வண்டியே ஓட்டுற ஒரு வாசகர்